யூக்கானுக்கு வருகிறீர்களா? முதலில் கார்களின் மூக்கைப் பாருங்கள்

கனடாவின் வடமேற்கு மூலையிலுள்ள பிரதேசம் யூக்கான். அதன் தலைநகரான வைட்ஹார்ஸின் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் வாகனம் நிறுத்துமிடத்தைக் கவனியுங்கள். பெரும்பாலான கார்களின் முன்பக்கத்தில் ஒரு பிளக் நாக்கை நீட்டிக்கொண்டு தொங்கும். நான் வந்த புதிதில், ஊரே மின்சாரக் காருக்கு மாறிவிட்டது போலும் என்று வியந்தேன். அது பிளாக் ஹீட்டர். இரவில் என்ஜின் உறைந்துபோகாமல் சூடேற்றி வைக்கும் கருவி. முதல் ஜனவரியில் "ஒரு ராத்திரிதானே" என்று அதைச் சொருகாமல் தூங்கினேன். காலையில் சாவியைத் திருப்பினால் கிழவர் இருமுவதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தன் வீட்டிலிருந்து நீண்ட ஒயரை இழுத்து வந்து சொருகினார். காரோடு டைமர் ஒன்றும் வாங்கிவிடுங்கள். கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பு ஓடினால் போதும், மின்கட்டணமும் மிச்சம்.

வேலைக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் வரைபடத்தைப் பாருங்கள். யூக்கானின் பரப்பு 4,82,443 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல். 2021 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 40,232. அதிலும் 28,201 பேர் வைட்ஹார்ஸ் நகரத்துக்குள். மிச்சமுள்ள சுமார் 12,000 பேர்தான் அந்தப் பரந்த நிலம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள். "யூக்கானில் வேலை" என்று சொன்னால் எந்த ஊர் என்று கேளுங்கள். வாட்சன் லேக் என்றால் தலைநகரிலிருந்து ஏறக்குறைய 440 கிலோமீட்டர். டாசன் என்றால் 530. ஓல்டு க்ரோ என்றால் சாலையே கிடையாது, விமானம்தான்.

ஊரை விட்டுக் கிளம்பிய சிறிது நேரத்தில் கைபேசி சிக்னல் போய்விடும். அடுத்த பெட்ரோல் நிலையம் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம்; குளிர்காலத்தில் அதுவும் பூட்டிக் கிடக்கலாம். கிளம்பும் முன் 511 என்ற எண்ணை அழைத்துச் சாலை நிலவரம் கேளுங்கள். காரில் தூக்கப் பை, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, மண்வெட்டி, இரண்டு நாளைக்குத் தின்பண்டம். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் இங்கே அரசாங்கமே இப்படிக் கட்டாயப்படுத்திய காலம் ஒன்று உண்டு.

1896 ஆகஸ்டில் குளோண்டைக் ஆற்றில் கலக்கும் ஒரு சிற்றோடையில் தங்கம் கிடைத்தது. டாகிஷ் இனத்தைச் சேர்ந்த கெய்ஷ் என்ற ஸ்கூகம் ஜிம், அவருடைய அக்காள் மகன் டாசன் சார்லி, வெள்ளைக்காரரான ஜார்ஜ் கார்மாக் ஆகியோர் அங்கே இருந்தார்கள். முதலில் கண்டது யார் என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை; முதல் உரிமைப் பதிவு மட்டும் கார்மாக் பெயரில் விழுந்தது. அடுத்த ஆண்டு கோடையில் செய்தி வெளியுலகுக்கு எட்டியதும் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கிளம்பினார்கள். பட்டினியால் செத்துப்போவார்கள் என்று பயந்த கனடாக் குதிரைப் போலீஸ், அலாஸ்கா எல்லையிலுள்ள சில்கூட் கணவாயின் உச்சியில் நின்று, ஓராண்டுக்கான சாமான் இல்லாதவரை உள்ளே விடவில்லை. அது ஆளுக்குக் கிட்டத்தட்ட ஒரு டன். ஒரே தடவையில் தூக்க முடியுமா? முப்பது, நாற்பது நடை ஏறி இறங்கிச் சுமந்தார்கள். உயிரைக் கொடுத்து டாசன் வந்து சேர்ந்தபோது நல்ல நிலமெல்லாம் முன்பே வந்தவர்கள் கைக்குப் போயிருந்தது. 1898இல் சுமார் 30,000 பேர் நெருக்கியடித்த அந்த ஊரில் 2021 கணக்கெடுப்பில் 1,600 பேர்கூட இல்லை. 1898 ஜூன் 13 அன்றுதான் யூக்கான் தனிப் பிரதேசமானது.

இந்தக் கதையில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது தங்கமல்ல. டாசன் அருகே ஆறுகள் கூடும் இடத்தில் தலைமுறை தலைமுறையாகச் சால்மன் மீன் பிடித்து வந்தவர்கள் ட்ரொண்டெக் ஹுவெச்சின் என்ற பழங்குடி மக்கள். கூட்டம் வந்து அமுக்கியதும், அவர்களுடைய தலைவர் சீஃப் ஐசக் தம் மக்களை ஆற்றின் போக்கில் சில கிலோமீட்டர் கீழே மூஸ்ஹைடு என்ற இடத்துக்கு அழைத்துப் போனார். போகிற வேகத்தில் பாட்டும் ஆட்டமும் அழிந்துவிடும் என்று உணர்ந்து, அவற்றை அலாஸ்காவிலிருந்த உறவினர்களிடம் ஒப்படைத்துக் காப்பாற்றச் சொன்னார். பல பத்தாண்டுகள் கழித்துப் பேரப்பிள்ளைகள் அங்கே போய்க் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். 2023இல் அந்த நிலப்பகுதி யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

வைட்ஹார்ஸில் கூட்டம் தொடங்கும்போது "இது குவான்லின் டுன், டாஅன் குவாச்சான் பழங்குடி மக்களின் நிலம்" என்று சொல்வார்கள். வெறும் சடங்கு என்று நினைக்காதீர்கள். 1973இல் எலைஜா ஸ்மித் தலைமையில் பழங்குடித் தலைவர்கள் ஒட்டாவா சென்று பிரதமரிடம் தங்கள் நில உரிமைக் கோரிக்கையை நேரில் கொடுத்தார்கள். இருபது ஆண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பின் 1993இல் பொது ஒப்பந்தம் கையெழுத்தானது. இங்குள்ள 14 பழங்குடிச் சமூகங்களில் (இங்கே 'நாடு' என்பார்கள்) 11 இன்று தன்னாட்சி பெற்றவை. உங்கள் மேலதிகாரியோ நிலத்துக்கு அனுமதி தருபவரோ அந்த அரசுகளில் ஒன்றின் அலுவலராக இருக்கலாம்.

டாசனிடமிருந்து தலைநகர் பதவி 1953இல் வைட்ஹார்ஸுக்கு மாறியதற்குக் காரணம் ஒரு சாலை. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு, அலாஸ்காவை ஜப்பான் பிடித்துவிடுமோ என்ற பயத்தில் அமெரிக்க ராணுவம் 1942இல் எட்டே மாதங்களில் வைட்ஹார்ஸ் வழியாகச் சுமார் 2,400 கிலோமீட்டர் காட்டுப்பாதையை வெட்டியது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வீரர்கள். மூன்றில் ஒரு பங்கு கறுப்பினத்தவர். சாலையோடு தட்டம்மையும் வந்து பழங்குடிச் சிற்றூர்களைச் சூறையாடியது. இன்று நம் அரிசி, பருப்பு, வெங்காயம் எல்லாம் வருவது அந்த அலாஸ்கா நெடுஞ்சாலையில்தான். 2012 ஜூனில் வெள்ளம் சாலையை அரித்தபோது வைட்ஹார்ஸ் கடைகளின் அலமாரிகள் காலியாயின. பத்துக் கிலோ அரிசி எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

குளிரைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 1947 பிப்ரவரி 3 அன்று ஸ்னாக் என்ற இடத்தில் மைனஸ் 63 டிகிரி பதிவானது. வட அமெரிக்க நிலப்பரப்பில் அதற்குக் கீழே போனதில்லை. காற்று அசையாத அந்தக் குளிரில், கிலோமீட்டர் கணக்கில் தள்ளியிருந்தவர்களின் பேச்சுக்கூடத் தெளிவாகக் கேட்டதாம். வைட்ஹார்ஸில் அவ்வளவு இல்லை, ஆனால் ஆண்டில் சில நாள் மைனஸ் 40 வரும். கடலோர மலைத்தொடர் ஈரத்தை மறித்துவிடுவதால் இது காய்ந்த குளிர். ஈரக் குளிரைவிட உடம்பு தாங்கும், தோல் தாங்காது. தேங்காய் எண்ணெய் நிறையக் கொண்டு வாருங்கள். கல்லாக உறைந்திருக்கும், கரண்டியால் சுரண்டிக்கொள்ளலாம். இன்னொன்று: கனமான குளிர்காற்று பள்ளத்தாக்கில் தேங்குவதால், மேட்டுப் பகுதி வீடுகள் பல நாட்களில் சில டிகிரி கதகதப்பாக இருக்கும். வாடகைக்குத் தேடும்போது நினைவில் வையுங்கள்.

என்னைப் பொறுத்தவரை குளிரைவிட இருட்டுதான் ஆளைச் சாய்க்கிறது. டிசம்பர் நடுவில் சூரியன் பதினொரு மணிக்குமேல் எழுந்து, ஐந்துக்குள் மலைக்குப் பின்னால் போய்விடும். மருத்துவரிடம் வைட்டமின் டி பற்றிக் கேளுங்கள், மதிய உணவு வேளையில் கட்டாயம் வெளியே நடங்கள். ஜூனில் பத்தொன்பது மணி நேர வெயில். அப்போது பிள்ளைகளைத் தூங்க வைக்கக் கருப்புத் திரைச்சீலை வேண்டும்.

வந்த முதல் ஆண்டில் உங்களை இங்கே சீச்சாகோ, புது ஆள், என்பார்கள். ஆறு உறைவதையும் பனிக்கட்டி உடைந்து போவதையும் ஒரு சுற்றுப் பார்த்து முடித்தவருக்குத்தான் சவர்டோ என்ற பட்டம். புளித்த மாவு என்று பொருள். தங்கம் தேடியவர்கள் ரொட்டிக்கான புளித்த மாவை உறையாமல் காக்க உடம்போடு அணைத்து வைத்துக்கொண்டு தூங்கினார்களாம். இட்லி மாவு புளிக்காமல் மூன்று நாள் கல்லாய்க் கிடந்த பிறகுதான் அந்தப் பட்டத்தின் அருமை எனக்குப் புரிந்தது. ஓவனைப் பற்றவைக்காமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை உள்ளே வையுங்கள். பன்னிரண்டு மணி நேரத்தில் பொங்கிவிடும். கதவில் "மாவு உள்ளே" என்று ஒரு சீட்டு ஒட்ட மறக்காதீர்கள். என் அறைத்தோழர் ஒருநாள் பீட்சாவுக்காக ஓவனை 220 டிகிரியில் சூடேற்றிவிட்டார்.