பெயிண்ட் உரிந்தால் பெயிண்டைத் திட்டாதீர்கள்

வீட்டிலேயே பெயிண்ட் அடித்த கார் பம்பரின் லட்சணம் முதன்முறை வேகமான தண்ணீர் படும்போது தெரிந்துவிடும். வெங்காயத் தோல்போல் எழுந்து வரும் துண்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வழவழவென்றிருந்தால், பெயிண்ட் அந்தப் பிளாஸ்டிக்கைப் பிடிக்கவே இல்லை என்று பொருள்.

வேலையைத் தொடங்கியதும் உப்புத்தாளை எடுப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. பழைய மெழுகும் சிலிக்கான் பாலிஷும் மேலே இருக்கும்போதே தேய்த்தால், அவை கீறல்களுக்குள் இறங்கிவிடும். பிறகு அடிக்கிற பெயிண்ட் அந்த இடங்களில் விலகி, மீன்கண் போன்ற குழிகளைக் காட்டும். முதலில் சோப்புத் தண்ணீர், அடுத்து பிசுக்கு நீக்கி, அதன்பிறகே உப்புத்தாள். பிசுக்கு நீக்கியை நனைத்த துணியால் தடவி, அது தானாகக் காய்வதற்குள் உலர்ந்த இன்னொரு துணியால் துடைத்தெடுக்க வேண்டும். காயவிட்டால் கரைந்த பிசுக்கு அங்கேயே மறுபடி படிந்துவிடும்.

பம்பர் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் கலந்த பிளாஸ்டிக். பெயிண்டுக்கு அடியில் போகும் சாதாரண பிரைமர் அதில் ஒட்டாது. தேய்க்கும்போது வெறும் பிளாஸ்டிக் தெரிந்த இடத்திலெல்லாம் முதலில் அட்ஹீஷன் புரோமோட்டர், அதாவது பிடிமானம் தரும் பூச்சு, மெல்லியதாகப் போக வேண்டும்.

கதவு, ஃபெண்டர் போன்ற தகட்டில், பள்ளத்தை நிரப்பும் பட்டி வேறு விதமாகப் பழிவாங்கும். அது தண்ணீரை உறிஞ்சும்; ஈரத்தோடு தேய்த்தால் அடியில் துரு தொடங்கும். பட்டியை உலர்வாகத்தான் தேய்க்க வேண்டும். சொரசொரப்பான 80-ஆம் எண் தாளோடு நிறுத்திவிடுவதும் ஆபத்து: அந்தக் கோடுகள் சில வாரங்களில் பெயிண்டுக்கு மேலே எழுந்து தெரியும். 180, 320 என்று படிப்படியாக ஏறுங்கள். பிரைமருக்கு மேல் 600. பட்டியின் விளிம்பு சமமாகிவிட்டதா என்று கண்ணைக் கேட்காதீர்கள். கண்ணை மூடி உள்ளங்கையால் தடவினால் மேடு தட்டுப்படும்.

ஒரே பூச்சில் நிறத்தை மூடிவிடும் அவசரம்தான் வழிசலுக்குக் காரணம். ஸ்பிரே கேனை 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, பேனலுக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூடட்டும். ஈர மினுமினுப்பு மங்கிய பிறகே அடுத்த பூச்சு. நிறக் குறியீடு சரியாக இருந்தாலும் முதலில் ஓர் அட்டையில் அடித்து, காய்ந்தபின் வண்டியருகே பிடித்துப் பாருங்கள். மெட்டாலிக் நிறம் ஈரமாக விழுந்தால் ஒரு சாயல், உலர்வாக விழுந்தால் வேறு சாயல்.

நிறத்துக்கு மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சுதான் கிளியர் கோட். ஹார்டனர் என்ற இறுக்கியைக் கலக்கும் இரு பகுதி கிளியர் கோட்டில் விளையாட்டு வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. தூசி முகமூடி அதைத் தடுக்காது. வெளியிலிருந்து காற்று தரும் முகமூடி இல்லையென்றால் அந்த வேலையைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். ஹார்டனர் கலக்கத் தேவையில்லாத ஒரு பகுதி கிளியர் கோட் வீட்டுக்கு எளிது. ஆனால் பெட்ரோல் பட்டால் தாங்காது.

வழிந்துவிட்டால் துடைக்கப் போகாதீர்கள். ஈரத்தில் ஒரு சொட்டை விரலால் ஒற்றியெடுக்கப் போய், என் கைரேகையைக் கதவில் பதித்தவன் நான். முழுதாக இறுகிய பிறகு 1500-ஆம் எண் தாளைத் தண்ணீரில் நனைத்து வழிசலை மட்டும் தேய்த்துப் பாலிஷ் போட்டால் போதும்.