நியூயார்க்கில் பகல்நேரக் கோடை முகாம்: சேர்க்கும் முன் பெற்றோர் சரிபார்க்க வேண்டியவை

நியூயார்க் மாநிலத்தில் குழந்தைகளுக்கான கோடை முகாம் நடத்துவோர், மாநிலச் சுகாதார விதித்தொகுப்பின் 7-2 உட்பகுதியின்படி உரிமம் பெற்றாக வேண்டும். நியூயார்க் நகருக்குள் நகரச் சுகாதாரத் துறையும், வெளியே அந்தந்தப் பகுதியின் சுகாதார அலுவலகமும் அதை வழங்குகின்றன. பணம் கட்டுவதற்கு முன் உரிமத்தின் நகலைக் கேட்டு வாங்கி, முகவரியும் காலாவதித் தேதியும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். பலகையில் 'கேம்ப்' என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. உட்கார்ந்தபடியே நடக்கும் ஓவிய வகுப்போ கணினி வகுப்போ இந்த விதிகளுக்குள் வராமலே போகலாம்.

உரிமம் பெற்ற முகாமைச் சுகாதாரத் துறையினர் ஆண்டுக்குக் குறைந்தது 2 முறை ஆய்வு செய்ய வேண்டும். சென்ற ஆண்டின் ஆய்வறிக்கையை அத்துறையிடமே கேளுங்கள். வண்ணப் படங்கள் நிறைந்த விளம்பரக் கையேட்டைவிட அது பல மடங்கு பயனுள்ளது.

பகல்நேர முகாமின் இயக்குநருக்குக் குறைந்தது 21 வயதும், குழந்தைகளைக் கவனிக்கும் கவுன்சிலருக்கு 16 வயதும் நிறைந்திருக்க வேண்டும். 12 குழந்தைகளுக்கு ஒரு கவுன்சிலர் என்பது குறைந்தபட்ச அளவு. 16 வயது என்பது பள்ளியில் படிக்கும் வயதுதான் என்பதால், உங்கள் குழந்தையின் குழுவில் பெரியவர்கள் எத்தனை பேர் என்று தனியாகக் கேட்பதில் தவறில்லை.

அதிகம் கேள்வி கேட்க வேண்டிய இடம் நீச்சல் குளம். நீரில் இருக்கும் 25 பேருக்கு, மூழ்குவோரைக் காப்பாற்றப் பயிற்சி பெற்ற ஒரு லைஃப்கார்டாவது வேண்டும்; அவரைத் தவிர, 8 வயதும் அதற்கு மேலும் உள்ள 10 குழந்தைகளுக்கு ஒரு கவுன்சிலர் வேண்டும், அதைவிடச் சிறியவர்களுக்கு இந்த விகிதம் இன்னும் கடுமையானது. ஒவ்வொரு குழந்தைக்கும் நீந்தத் தெரியுமா என்று முதலில் சோதித்து, தெரியாதவர்களை மார்பளவுக்கும் குறைவான ஆழத்திலேயே நிறுத்த வேண்டும். குழந்தைகளை இருவர் இருவராகச் சேர்த்து, அவ்வப்போது விசில் ஊதி, ஒவ்வொரு ஜோடியும் கைகோத்து நிற்கிறதா என்று எண்ணிப் பார்ப்பதும் வழக்கம். இதை யார், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை செய்கிறார்கள் என்று கேட்டால், நன்கு நடக்கும் முகாமில் தயக்கமின்றிப் பதில் வரும். வெளியிலுள்ள குளத்துக்கு அழைத்துச் செல்வதாக இருந்தால், அங்கும் இதே ஏற்பாடுதானா என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

தடுப்பூசி விவரமும் ஒவ்வாமைக் குறிப்பும் அடங்கிய மருத்துவப் படிவத்தை முழுமையாக நிரப்புங்கள். முந்திரி, வேர்க்கடலை போன்றவை ஒத்துக்கொள்ளாத குழந்தையாயின், அவசர ஊசியை மருத்துவரின் குறிப்போடும் மருந்துக்கடை ஒட்டிய சீட்டோடும் கொடுத்து, அது எங்கே வைக்கப்படும் என்று நேரில் பார்த்துவிடுங்கள். கோடையில் ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டி மாலையில் அழைத்து வருவதாக இருந்தால், அவர்களின் பெயரையும் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

விதிமீறல் எதையேனும் கண்டு, இயக்குநரிடம் சொல்லியும் சரியாகாவிட்டால், உரிமம் வழங்கிய சுகாதார அலுவலகத்திலேயே புகார் செய்யலாம்.