ஸ்டெரைல் சப்ளைக்கு பில் போடுறது எப்படி? மெடிக்கல் கோடிங்குக்கு (சிகிச்சைய பில்லுக்கான கோடா மாத்துற வேலைக்கு) புதுசா வர்றவங்களுக்கு

கோர்ஸ் முடிச்சிட்டு நாகர்கோவில்லயோ டெக்னோபார்க்லயோ வேலைக்கு சேர்ற நம்ம பிள்ளைங்க சர்ஜரி, இ அண்ட் எம் (டாக்டர் பாத்து பரிசோதிக்கிறதுக்கான கோடு) எல்லாம் ஓரளவு பிடிச்சிருவாங்க, ஆனா சார்ட்ல (நோயாளியோட ரெக்கார்ட்ல) காஸ் (புண்ணுக்கு வைக்கிற வலைத்துணி), கிளவுஸ், சிரிஞ்ச்னு ஒருதடவ யூஸ் பண்ணிட்டு தூரப் போடுற சாமானப் பாத்தா உடனே கோட் புக்க திறந்திருவாங்க. அதுக்கு முன்னாடி, இத எங்க வச்சு யூஸ் பண்ணாங்கன்னு பாருங்க மக்கா. நான் சொல்றது எல்லாம் அமெரிக்காவோட மெடிகேர் (முக்கியமா வயசானவங்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) ரூல், பிரைவேட் இன்சூரன்ஸ்னா கொஞ்சம் மாறும்.

ஸ்டெப் 1: இடம்

டாக்டர் ஆபீஸ்னா பிளேஸ் ஆஃப் சர்வீஸ் (சிகிச்சை நடந்த இடத்துக்கான கோடு) 11. அங்க கைல வெட்டுக்கு தையல் போட்டா டிரே, ஸ்டெரைல் (கிருமி நீக்கின) கிளவுஸ், டிரேப் (சுத்தி மூடுற துணி) எல்லாம் தையல் கோடோட காசுலயே அடங்கிரும். வடசேரில சாப்பாடு சாப்பிட்டா இலைக்கு தனிக்காசு கேப்பாங்களா, அதே கணக்குதான். சர்ஜிகல் டிரேக்கு ஏ4550, பொதுவா சப்ளைக்கு 99070னு கோடு இருக்கத்தான் செய்யுது, ஆனா மெடிகேர் ரெண்டுக்கும் தனியா பைசா தராது. சில பிரைவேட்காரங்க 99070 எடுப்பாங்க, அவங்க பாலிசிய படிச்சிட்டு போடுங்க.

ஆஸ்பத்திரின்னா யுபி 04னு ஆஸ்பத்திரி பில் ஃபார்ம், அங்க ரெவின்யூ கோடுதான் (எந்த வகை செலவுன்னு சொல்ற கோடு) ராஜா. பொதுவான சப்ளைக்கு 0270, நான் ஸ்டெரைலுக்கு (ஸ்டெரைல் இல்லாததுக்கு) 0271, ஸ்டெரைலுக்கு 0272. ஃபார்ம்ல 42வது கட்டத்துல இந்த கோடு, 46ல யூனிட், 47ல சார்ஜ். இன்பேஷண்ட்னா டிஆர்ஜி ரேட்டுக்குள்ள (நோய் வகைக்கு மொத்தமா குடுக்குற ரேட்) போயிரும், அவுட்பேஷண்ட்லயும் பெரும்பாலும் பேக்கேஜ்தான், அப்ப தனியா துட்டு வராதே எதுக்கு போடணும்னு கேப்பீங்க. போடணும், ஏன்னா வர்ற வருசங்களுக்கு மெடிகேர் ரேட் பிக்ஸ் பண்றது ஆஸ்பத்திரிங்க அனுப்புற இந்த சார்ஜையும் வச்சுத்தான்.

வீட்டுக்கு குடுத்து விடுற சாமான்னா பிளேஸ் ஆஃப் சர்வீஸ் 12, கிளெய்ம் டிஎம்இ மேக்குக்கு (வீட்டு மருத்துவ சாமான் பில்ல மெடிகேருக்காக பாக்குற கம்பெனி) போகும். ஹிக்பிக்ஸ் கோடுக்கு (ஏ4550 மாதிரி எழுத்தும் நம்பரும் சேந்த சாமான் கோடு) நெஜமான வேலையே இங்கதான், அடுத்த ஸ்டெப் எல்லாம் இதுக்குத்தான்.

ஸ்டெப் 2: ஸ்டெரைலா இல்லையா, எத்தன யூனிட்

சாதாரண காஸ் பேட், ஒட்டுற பார்டர் இல்லாதது, 16 சதுர இஞ்சுக்குள்ள இருந்தா ஸ்டெரைலுக்கு ஏ6402, நான் ஸ்டெரைலுக்கு ஏ6216. நாலுக்கு நாலு ஸ்டெரைல் பேட் சரியா 16, அதனால ஏ6402தான். அஞ்சுக்கு ஒம்பதுன்னா 45, அது ஏ6403. 48 தாண்டினா ஏ6404. நர்ஸ் நோட்ல வெறும் காஸ்னு மட்டும் இருந்தா ஊகிக்காதீங்க, குவெரி போடுங்க (எழுதுனவங்கள்ட்ட கேட்டு எழுதுங்க).

யூனிட்லதான் ரொம்பப் பேரு வழுக்கி விழுவாங்க. ஸ்டெரைல் கிளவுஸ் ஏ4930, ஒரு ஜோடி ஒரு யூனிட். நான் ஸ்டெரைல் ஏ4927, 100 கிளவுஸ் சேந்துதான் ஒரு யூனிட். ஃப்ளஷ் பண்ற சலைன் ஏ4216 10 மில்லிக்கு ஒண்ணு, ஏ4217ன்னா 500 மில்லி.

ஸ்டெப் 3: மாடிஃபையர்

மாடிஃபையர்னா கோடுக்கு பின்னால சேக்குற ரெண்டெழுத்து குறி. டிரெஸ்ஸிங்குக்கு ஏ1ல இருந்து ஏ9 வரைக்கும், எத்தன புண்ணுக்கு அந்த டிரெஸ்ஸிங் போகுதுன்னு அர்த்தம். ஒருத்தருக்கு கால்ல ரெண்டு புண்ணு, ஒவ்வொண்ணுக்கும் தினம் ஒரு ஏ6402ன்னா 30 நாளைக்கு 60 யூனிட், மாடிஃபையர் ஏ2. ஏ2ன்னு போட்டாச்சேன்னு யூனிட்ட பாதியாக்கிராதீங்க, அது வேற இது வேற.

ஸ்டெப் 4: பேப்பர்

டாக்டர் ஆர்டர்ல சாமான் பேரு, எண்ணிக்கை எல்லாம் இருக்கணும், டெலிவரி ஆனதுக்கு ப்ரூஃப் வேணும். யூரின் கத்தீட்டர்ல இத நல்லாப் பாத்துக்கிடுங்க. நேரா நுனி உள்ளது ஏ4351, இன்சர்ஷன் சாமானோட வர்ற ஸ்டெரைல் கிட் ஏ4353. கிட்டு விலை கூடுதல், அதனால நோயாளி நர்சிங் ஃபெசிலிட்டில இருக்காரு, எதிர்ப்புசக்தி குறைஞ்சிருக்கு, வருசத்துக்குள்ள ரெண்டு தடவ யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்திருக்கு, இப்படி ஏதாவது காரணம் ரெக்கார்ட்ல எழுதியிருக்கணும், இல்லன்னா டினையல் (காசு தரமாட்டோம்னு மறுப்பு) வந்து நிக்கும்.

ஒரு கோடும் பொருந்தலன்னா மட்டும் ஏ4649, அதுவும் சாமான் என்னன்னு விவரம் எழுதி. ஹிக்பிக்ஸ் மூணு மாசத்துக்கு ஒருக்க அப்டேட் ஆகும், நீங்க பில் போடுற தேதிய பாக்காதீங்க, சாமான் குடுத்த தேதில எந்த கோடு இருந்துச்சோ அதுதான் போகணும்.