டிராஜெக்டரியிலிருந்து புரதத்தின் ஆற்றல் வரைபடம்: தொடங்குபவர்களுக்கு

புரத அணுக்களின் அசைவைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் 500 நானோசெகண்டு சிமுலேஷனில், 50 பிகோசெகண்டுக்கு ஒரு ஃபிரேம் (அந்தக் கணத்தில் அணுக்கள் இருக்கும் இடங்கள்) சேமித்திருந்தால், கையில் சுமார் 10,000 ஃபிரேம்கள் இருக்கும். இந்த வரிசைதான் டிராஜெக்டரி. புரதம் எந்தெந்த வடிவங்களில் தங்கியது என்பதை இவற்றை எண்ணியே சொல்லிவிடலாம். எனர்ஜி ஃபைலில் உள்ள நிலையாற்றலை வரையாதீர்கள். அதன் ஏற்ற இறக்கத்தில் பெரும்பங்கு சுற்றியுள்ள நீருடையது. நாம் தேடுவது கட்டிலா ஆற்றல் (free energy): புரதம் அதிகம் தங்கும் வடிவத்தில் இது குறைவாக இருக்கும், வரைபடத்தில் பள்ளமாகத் தெரியும்.

படி 1: சுத்தம் செய்தல்

சிமுலேஷன் பெட்டியின் விளிம்பைத் தாண்டும் அணுக்கள் மறுபக்கம் தோன்றும். முதலில் உடைந்த மூலக்கூறை முழுமையாக்குங்கள், பிறகு நடுவில் வையுங்கள், கடைசியாக எல்லா ஃபிரேம்களையும் ஒரே வடிவத்தின் மேல் சுழற்றிப் பொருத்துங்கள். வரிசை மாறக் கூடாது. ஆர்எம்எஸ்டி (ஒப்பிடும் வடிவத்திலிருந்து அணுக்கள் சராசரியாக எவ்வளவு விலகியுள்ளன என்ற அளவு) ஒரே ஃபிரேமில் 0.2-லிருந்து 3 நானோமீட்டருக்குத் தாவினால் புரதம் விரிந்துவிடவில்லை; இந்தப் படிதான் சொதப்பியிருக்கிறது.

பொருத்தும்போது உறுதியான மையப்பகுதியின் ஆல்ஃபா கார்பன்கள் போதும். ஆடிக்கொண்டே இருக்கும் இரு முனைகளையும் சேர்த்தால், அடுத்து வரும் பிசிஏ (மிகப் பெரிய அசைவுகளை அச்சுகளாகப் பிரித்தெடுக்கும் கணக்கு) அந்த ஆட்டத்தையே முதல் அச்சாகக் காட்டும்.

படி 2: இரண்டு அச்சுகள்

சிறிய பெப்டைடுக்கு (குட்டி அமினோ அமிலச் சங்கிலிக்கு) ஃபை, சை எனும் முதுகெலும்புச் சங்கிலியின் முறுக்குக் கோணங்களே போதும். பெரிய புரதத்துக்குப் பிசிஏ செய்து முதல் இரண்டு கூறுகளை எடுங்கள். பல ஓட்டங்கள் (தனித்தனி சிமுலேஷன்கள்) இருந்தால் எல்லாவற்றையும் இணைத்து ஒரே பிசிஏ செய்யுங்கள். தனித்தனியே செய்தால் அச்சுகள் வேறாகும், ஒப்பிட முடியாது. கோணங்களைப் பிசிஏவில் இடுவதென்றால் சைன், கொசைன் மதிப்புகளாக மாற்றி இடுங்கள். 179 பாகையும் −179 பாகையும் அருகருகே இருப்பவை என்று கணினிக்குத் தெரியாது.

படி 3: எண்ணி, மடக்கை எடுத்தல்

இரு அச்சுகளிலும் 32 × 32 கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை ஃபிரேம்கள் விழுகின்றன என்று எண்ணுங்கள். அதை அதிகபட்ச எண்ணிக்கையால் வகுத்து, இயற்கை மடக்கை எடுத்து, −2.494-ஆல் பெருக்குங்கள். 300 கெல்வினில் விடை கிலோஜூல்/மோல் அலகில் வரும். பத்து மடங்கு குறைவாக நிரம்பிய கட்டம் 5.7 கிலோஜூல் மேலே நிற்கும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அதிகம் நிரம்பிய கட்டத்தில் 400 ஃபிரேம்கள், இன்னொன்றில் ஒரே ஒரு ஃபிரேம் என்றால், அதன் உயரம் சுமார் 15 கிலோஜூல். இந்த வரைபடம் அதற்கு மேல் எதையும் அளக்கவே இல்லை. வெற்றுக் கட்டங்களை வெள்ளையாகவே விடுங்கள். ஏதோ ஒரு பெரிய எண்ணை நிரப்பி மழமழவென்று மெருகேற்றினால், இல்லாத மலை முளைக்கும். பள்ளங்களின் ஒப்பீட்டு ஆழத்தை ஓரளவு நம்பலாம். ஓரிரு ஃபிரேம்களால் ஆன தடையின் உயரத்தை நம்ப வேண்டாம்.

படி 4: சோதனை

டிராஜெக்டரியை இரண்டு பாதிகளாக்கி, அதே அச்சுகளில் தனித்தனியே வரையுங்கள். முதல் பாதியில் ஒரு பள்ளம், இரண்டாம் பாதியில் வேறொன்று என்றால், புரதம் ஒருமுறை தாண்டிவிட்டுத் திரும்பவே இல்லை. எது நிலையானது என்று அதிலிருந்து சொல்ல முடியாது. வெவ்வேறு தொடக்க வடிவங்களிலிருந்து புதிய ஓட்டங்களைத் தொடங்குங்கள், அல்லது மெட்டாடைனமிக்ஸுக்கு (ஏற்கெனவே போன வடிவங்களிலிருந்து புரதத்தைத் தள்ளிவிடக் கூடுதல் விசை சேர்க்கும் முறை) போங்கள். மெட்டாடைனமிக்ஸ் ஃபிரேம்களை மட்டும் அப்படியே எண்ணாதீர்கள். சேர்த்த விசையின் தாக்கத்தை நீக்க ஒவ்வொன்றுக்கும் எடை கொடுத்த பிறகே எண்ண வேண்டும்.