ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் சிறுநீரகப் பகுதியைப் படிப்பது எப்படி?

போன மாதம் அப்பாவின் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான யூரியா 36. நாலு மாதத்துக்கு முன்பு வேறொரு லேபில் எடுத்தபோது 17. இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டதே என்று அன்றிரவு வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் டாக்டர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனா முனையால் எண்களைத் தொடாமல் பெயர்களைத் தொட்டுக் காட்டினார். பழையதில் 'பி.யு.என்.' என்று இருந்தது, புதியதில் 'பிளட் யூரியா'. அப்பாவின் உடம்பில் எதுவும் மாறவில்லை.

அதனால் எண்ணைப் பார்க்கும் முன் இந்த வரிசையில் போங்கள்.

படி 1: பெயரும் அலகும்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். பிளட் யூரியா என்பது முழு யூரியாவின் எடை. பி.யு.என். என்பது அந்த யூரியாவுக்குள் இருக்கும் நைட்ரஜனின் எடை மட்டும். யூரியாவின் மூலக்கூறு எடை 60, அதிலுள்ள இரண்டு நைட்ரஜன் அணுக்களின் எடை 28. 60-ஐ 28-ஆல் வகுத்தால் 2.14. ஆக, பி.யு.என். எண்ணை 2.14-ஆல் பெருக்கினால் யூரியா கிடைத்துவிடும். அப்பாவின் 17-ஐப் பெருக்கிப் பாருங்கள்: 36.4. ஒப்பிடுவதென்றால் இரண்டையும் ஒரே பெயருக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

இன்னொன்று, தண்ணீர் குறைவாகக் குடித்தாலே யூரியா ஏறும். அதை மட்டும் வைத்துச் சிறுநீரகத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

படி 2: தடித்த எழுத்து

நார்மல் எல்லை தாண்டிய எண்ணைப் பல லேப்கள் தடித்த எழுத்தில் அச்சிடும். ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேருக்கு வரும் அளவைத்தான் பெரும்பாலும் நார்மல் என்று போடுகிறார்கள். எந்த நோயும் இல்லாத 20 பேரில் ஒருவருக்கு அந்த எல்லை தாண்டும். எவ்வளவு தாண்டியிருக்கிறது, முன்பு எவ்வளவு இருந்தது என்பதைப் பாருங்கள்.

படி 3: கிரியாட்டினினோடு நிற்காதீர்கள்

கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, அதைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும். தசை குறைந்தவருக்கு அது குறைவாகவே உருவாகும். 25 வயது இளைஞருக்கும் 70 வயதுப் பாட்டிக்கும் ஒரே 1.1 வரலாம். கிரியாட்டினின், வயது, பாலினம் மூன்றையும் 2021-இல் வந்த சி.கே.டி.-எபி என்ற சூத்திரத்தில் போட்டால் இளைஞரின் இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு) சுமார் 95, பாட்டிக்குச் சுமார் 54. இது 60-க்குக் கீழே 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று கணக்கு. தாளில் 1.1-க்குப் பக்கத்தில் எந்தக் குறியும் இல்லாமலே போகக்கூடும். வீட்டில் மெலிந்த வயதானவர்கள் இருந்தால் இ.ஜி.எஃப்.ஆர். கட்டாயம் கேளுங்கள். ரிப்போர்ட்டில் இல்லையென்றால், அமெரிக்காவின் நேஷனல் கிட்னி ஃபவுண்டேஷன் இணையதளத்தில் இருக்கும் கால்குலேட்டர் போதும்.

சோதனைக்கு முந்தைய இரவு மட்டன் வேண்டாம். சமைத்த இறைச்சி கிரியாட்டினினைக் கொஞ்ச நேரம் ஏற்றிக் காட்டும்.

படி 4: பொட்டாசியம்

3.5 முதல் 5 வரை சரி. அதற்கு மேல் போனால் 'ஹீமோலைஸ்டு' என்ற குறிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். எடுக்கும்போதோ கொண்டுபோகும்போதோ சிவப்பணுக்கள் உடைந்தால், உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து அளவு பொய்யாக ஏறும். ஆனால் உண்மையாகவே ஏறியிருந்தால் அது இதயத் துடிப்பைக் கெடுக்கும். ஆகவே நீங்களாக 'பொய் எண்' என்று முடிவு கட்டாமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

படி 5: ஒரு கோடு போட்ட நோட்டு

ஆப் எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. 40 பக்க நோட்டில் தேதி, லேப், யூரியா, கிரியாட்டினின், இ.ஜி.எஃப்.ஆர்., பொட்டாசியம் என்று ஆறு கட்டம். டாக்டர் ஒரே பார்வையில் இரண்டு வருடத்தைப் பார்த்துவிடுகிறார். கூடுமானவரை ஒரே லேபுக்கே போங்கள்.

பின்சேர்க்கை: வளைகுடாவில் இருக்கும் வாசகர் ஒருவர் தனக்கு கிரியாட்டினின் 97 என்று பதறி எழுதியிருந்தார். அங்கே கிடைத்த ரிப்போர்ட் மைக்ரோமோல் கணக்கில் இருந்திருக்கிறது. 88.4-ஆல் வகுத்தால் நம் ஊர்க் கணக்கில் 1.1. சர்க்கரை மில்லிமோலில் இருந்தால் 18-ஆல் பெருக்குங்கள், 5.5 என்பது 99. நோட்டில் அலகுக்கும் ஒரு கட்டம் சேர்த்துவிட்டேன்.