ஹெரால்டில் கிரீஸ் கன்னைக் கையில் எடுக்கும் முன்

போன மாதம் திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி தன் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. பானெட்டைத் தூக்கிக் காட்டி, "எல்லா நிப்பிளுக்கும் நானே கிரீஸ் அடிச்சிட்டேண்ணே, இனிமே ஒரு வருசத்துக்குக் கவலை இல்ல" என்றார். நிப்பிள் என்பது கிரீஸ் ஏற்றுகிற சின்ன மூக்கு. குனிந்து பார்த்தேன். முன் சக்கரத்துக்கு உள்பக்கம், கீழே, வெண்கலக் கட்டையின் விளிம்பில் புத்தம்புது சிவப்பு கிரீஸ் பிதுங்கிக்கொண்டு நின்றது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினைந்து வருடங்களுக்கு முன்னால் அதே இடத்தில் அதே சந்தோஷத்தோடு கிரீஸ் அடித்தவன் நான்.

அன்று ராத்திரி உட்கார்ந்து எழுத ஆரம்பித்ததுதான் இது.

காரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் செய்த கார் ஹெரால்டு. மூலம் இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு, அதன் உடலை வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. அதே சேசிஸின், அதாவது அடிச்சட்டத்தின், நீளத்தைக் குறைத்து, இரண்டு பேர் உட்காரும் திறந்த உடலை மேலே வைத்து, 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார்கள். முன் சஸ்பென்ஷன், ஸ்டேரிங், பின் ஆக்சில் எல்லாம் ஒரே குடும்பம். நம் ஊரில் ஸ்பிட்ஃபயர் அபூர்வம். ஆனால் யாராவது வைத்திருந்தால், இதில் முக்கால்வாசி அவருக்கும் பொருந்தும்.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது, பேட்டரியைக் கழற்றாமல் ஒயரில் கை வைப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. எந்தப் பட்டறையிலும் முதல் நாளே அதற்குத் திட்டு விழுந்துவிடும். கவனமாக, ஆசையாக வேலை பார்க்கிறவர்களே செய்கிற தவறுகள்தான் எனக்குக் கவலை.

உடலைத் தூக்கும்போது தகடுகளை எண்ணாமல் விடுவது

ஹெரால்டின் உடல் தனி, சேசிஸ் தனி. போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு நான்கு பேர் சேர்ந்தால் உடலைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். அந்தச் சுலபம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. உடலுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒவ்வொரு போல்ட்டிலும் தகடு வைத்திருப்பார்கள். ஓரிடத்தில் ஒன்று, இன்னோரிடத்தில் மூன்று. கதவு சரியாக மூடுவது அந்தக் கணக்கில்தான். நான் அத்தனையையும் ஒரே டப்பாவில் போட்டேன். பிறகு பெயிண்டும் அடித்து முடித்து, கடைசியாகக் கதவை மாட்டினால், பூட்டுப் பக்கம் ஒரு விரல் இறங்கி நிற்கிறது. புதுப் பெயிண்ட் உதிர உதிர மறுபடி எல்லாவற்றையும் கழற்றினேன்.

ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு சின்னப் பை, அதன்மேல் ஒரு எண், அதே எண்ணைச் சேசிஸிலும் எழுதிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கதவு, பானெட் எல்லாவற்றையும் மாட்டி இடைவெளி பார்த்த பிறகுதான் பெயிண்டர் வரவேண்டும்.

ஸ்பிட்ஃபயராக இருந்தால் இன்னொன்று. ஹெரால்டில் கதவுக்குக் கீழே இருக்கும் பட்டைத் தகடு வெறும் மூடி. ஸ்பிட்ஃபயரில் அது காரின் பலத்தைத் தாங்குவது. துரு பிடித்திருக்கிறதென்று முட்டுக் கொடுக்காமல் இரண்டு பக்கமும் வெட்டி எடுத்தால் உடல் நடுவில் தொய்ந்துவிடும்.

டிரனியனுக்கு கிரீஸ் அடிப்பது

இதுதான் விஷயம்.

முன் சக்கரத்தைத் தாங்கி நிற்பது ஒரு இரும்புத் தூண். அதன் மேல்முனையில் பால் ஜாயிண்ட். கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். அந்தக் கட்டைதான் டிரனியன். நீங்கள் ஸ்டேரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் தூண் அந்த மரைக்குள்ளேயே சுழல்கிறது. காரின் முன்பக்க எடை மொத்தமும் இரண்டு பக்கமும் இந்த மரைகளில்தான் தொங்குகிறது. ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், மதுரைச் சந்துகளில் அதைப்போல் வளைகிற கார் கிடையாது. அவ்வளவு தூரம் வளைகிறதென்றால் அந்த மரைக்கு அவ்வளவு வேலை என்று அர்த்தம்.

காரைச் செய்தவர்கள் அந்த இடத்துக்குச் சொன்னது எண்ணெய். கியருக்கு ஊற்றுகிற 90 நம்பர் ஆயில். கிரீஸ் அல்ல. ஆனால் அங்கே நிப்பிள் இருக்கிறது, அல்லது நிப்பிள் மாட்டுவதற்கான துளை இருக்கிறது. நிப்பிளைப் பார்த்தால் கை தானாகவே கிரீஸ் கன்னைத் தேடுகிறது. அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் பழகிய மெக்கானிக் யாரைக் கேட்டாலும், "எண்ணெ ஒழுகிரும் சார், கிரீஸ்தான் நிக்கும்" என்பார். ஒழுகத்தான் செய்யும். ஒழுக ஒழுக மறுபடி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கிரீஸ் நிற்கிறது என்பது உண்மை. எங்கே நிற்கிறது என்பதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. கட்டையின் அடியில் இருக்கும் குழியில் நிற்கிறது. மரையின் நெளிவு வழியாக அது மேலே ஏறுவதில்லை. வெயிலில் நாளாக நாளாக இறுகி மெழுகு மாதிரி ஆகிவிடுகிறது. மேலே இருந்து மழைத்தண்ணீரும் மண்ணும் இறங்குகின்றன. தூண் கட்டைக்குள் நுழைகிற இடத்தில், மேல் மரையில், துரு அரிக்க ஆரம்பிக்கிறது. வெளியே இருந்து பார்த்தால் விளிம்பில் கிரீஸ் பளபளவென்று இருக்கும். உள்ளே இரும்பு செத்துக்கொண்டிருக்கும்.

நான் இரண்டு வருடம் கிரீஸ் அடித்தேன். இரண்டாம் வருடக் கடைசியில் ஸ்டேரிங் கொஞ்சம் கனமாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் கிரீஸ் அடித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் போய்விட்டு, வத்தலக்குண்டு வழியாக இறங்கி, சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் காலையில் மதுரை எல்லிஸ் நகரில் வீட்டு வாசலில் காரை ரிவர்ஸ் எடுத்தேன். ஸ்டேரிங் முழுக்க ஒடித்த நிலை, நடக்கிற வேகம்கூட இல்லை. மட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம். காரின் இடதுமுன் மூலை தரையில் உட்கார்ந்தது. சக்கரம் மடங்கி மட்கார்டுக்குள் சொருகிக்கொண்டது. தூண் மேல் மரையில் துண்டாக முறிந்திருந்தது. முறிந்த முகத்தில் முக்கால் பாகம் பழைய கறுப்புத் துரு. மிச்சம் இருந்த கால் பாகம்தான் வெள்ளையாக, புதிதாக முறிந்தது. முந்தின நாள் அத்தனை வளைவிலும் அந்தக் கால் பாகத்தில்தான் மூன்று பேரும் இறங்கி வந்திருக்கிறோம். அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

செலவையும் சொல்லிவிடுகிறேன். ஹெரால்டின் பானெட்டும் இரண்டு மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டு. மடங்கிய சக்கரம் அந்த முழுத் துண்டையும் கோணலாக்கிவிட்டது. பிரேக் ஹோஸ் பிய்ந்தது. டிங்கரிங், பெயிண்ட், சாமான் எல்லாம் சேர்த்து 80,000 ரூபாயைத் தாண்டியது. காரணம், அரை லிட்டர் கியர் ஆயில் வாங்காதது.

அப்புறம் தூணுக்கு அலைந்தேன். சென்னை புதுப்பேட்டையில் ஒன்று, கோவை உக்கடத்தில் ஒன்று கிடைத்தன. இரண்டையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்துப் பார்த்தால், மேல் மரையில் அதே அரிப்பு. அந்தக் கார்களுக்கும் யாரோ கிரீஸ்தானே அடித்திருப்பார்கள்! கடைசியில் இங்கிலாந்திலிருந்து புதிதாக வரவழைத்தேன், அங்கே இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஒரு பட்டறையில், முறிந்ததையே வெல்டிங் வைத்து மரை வெட்டித் தருகிறேன் என்றார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வெண்கலக் கட்டையை நல்ல லேத்தில் அழகாகக் கடைந்து வாங்கலாம். தூண் அப்படியல்ல. அடித்து உருவாக்கிய இரும்பு அது, அதன்மேல் வெல்டிங் ஏறினால் நம்பக்கூடாது.

பழைய கார் வாங்கியதும் செய்ய வேண்டியது இதுதான். முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்து, இரண்டு டிரனியனையும் கழற்றுங்கள். வலதுபக்கம் வழக்கமான மரை. இடதுபக்கம் எதிர் மரை. தெரியாவிட்டால், கழற்றுவதாக நினைத்து இரண்டடி ரஞ்சைப் போட்டு இறுக்கிக்கொண்டே இருப்பீர்கள். திருமங்கலம் தம்பியும் போன வாரம் போன் செய்து, "ஒரு பக்கம் கழலவே மாட்டேங்குதுண்ணே" என்றார். கழற்றியதும் பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கரைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வெளிச்சத்தில் மேல் மரையைப் பாருங்கள். நகத்தால் வருடினால் குழி தட்டுகிறதா? தட்டினால் அந்தத் தூண் பழைய இரும்புக்கடைக்கு. யாருக்கும் விற்காதீர்கள்.

திரும்ப மாட்டும்போது மேலே இருக்கும் ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போடுங்கள். கட்டையை முழுக்கத் திருகி, பிறகு கொஞ்சம் பின்வாங்கி வையுங்கள். இரண்டு பக்கமும் ஸ்டேரிங்கை முழுக்க ஒடித்தாலும் மரை அடியில் முட்டக்கூடாது. முட்டினால் ஒவ்வொரு பார்க்கிங்கிலும் தூணை நீங்களே நெம்புகிறீர்கள். எண்ணெய் கொடுக்க வேறு கருவி வேண்டாம். கிரீஸ் கன் ஒன்றைச் சுத்தமாகக் கழுவி, அதற்குள் 90 நம்பர் ஆயிலை ஊற்றி, கட்டையின் மேல்விளிம்பில் எண்ணெய் எட்டிப்பார்க்கும்வரை அடியுங்கள். நான் 3,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை அடிக்கிறேன். ஐப்பசி மழை தொடங்கும் முன்பும், முடிந்த பிறகும் ஒரு முறை. அந்த கன்னில் "எண்ணெய் மட்டும்" என்று பெயிண்டால் எழுதியிருக்கிறேன். வெளியே சர்வீஸுக்கு விட்டால் பக்கத்திலேயே நில்லுங்கள். நான் டீ குடிக்கப் போன பத்து நிமிடத்தில் ஒரு தடவை கிரீஸ் ஏறிவிட்டது.

பின் ஸ்பிரிங்குக்குப் பட்டை ஏற்றுவது

ஹெரால்டுக்குப் பின்னால் ஸ்பிரிங் என்பது ஒரே ஒரு பட்டைக் கட்டுதான், பின் சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் கியர் பெட்டியான டிஃபரன்ஷியலின் தலைமேல் குறுக்காகப் படுத்திருக்கும். இரண்டு பின் சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். பழசானதும் கட்டு தொய்ந்து, சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாய்கிறது. உடனே லாரிக்குப் பட்டை அடிக்கிறவரிடம் கொண்டுபோய் ஒரு பட்டையைச் சேர்த்து, நன்றாக வளைத்து வாங்கி வருகிறார்கள். பின்பக்கம் கம்பீரமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும், சக்கரங்களின் மேல்பக்கம் வெளியே விரிந்திருக்கும். அதுதான் ஆபத்தான நிலை. மலை வளைவில் வேகமாக நுழைந்து, பயத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் மேலெழும்பும், சக்கரம் அடிவயிற்றுக்குள் மடங்கும், வால் சுழன்றுவிடும். 1972-ல் இதே கம்பெனியின் அடுத்த காரான ஸ்டாண்டர்டு கெசல் வந்தபோது இந்த அமைப்பையே விட்டுவிட்டு, நேரான ஒரே ஆக்சிலுக்குப் போய்விட்டார்கள்.

முன்னால் இரண்டு பேரை உட்கார வைத்துவிட்டுப் பின்னால் நின்று பாருங்கள். சக்கரம் நேராகவோ, மேல்பக்கம் துளி உள்ளே சாய்ந்தோ இருந்தால் ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள்.

அங்குல நட்டுக்கு மில்லிமீட்டர் ஸ்பேனர்

அரை அங்குலம் என்பது 12.7. உங்கள் 13 ஸ்பேனர் நட்டின் மூலைகளைத் தின்றுவிடும். அங்குல செட் ஒன்று வாங்குங்கள்.

பிரேக்குக்குக் கையில் கிடைத்த எண்ணெய்

டப்பாவில் டாட் 3 அல்லது டாட் 4 என்று இருக்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

பழைய பெட்ரோல் டியூபை அப்படியே விடுவது

இப்போது பங்கில் போடுகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அறுபதுகளில் செய்த ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளாது. டியூப் உப்பி, உள்ளிருந்து உதிர்ந்து, அந்தத் தூள் கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வும் அப்படித்தான், கிழிந்தால் பெட்ரோல் நேராக என்ஜின் ஆயிலில் கலக்கும். எத்தனால் தாங்கும் என்று போட்டிருக்கும் டியூபை மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கலாம். டேங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லாத் துண்டையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். மாற்றிய மறுநாள் காலையில், ஸ்டார்ட் செய்யும் முன், ஒவ்வொரு கிளிப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் சாவியைத் திருப்பாதீர்கள்.