ஃபில்லோட்ஸ் மார்பகக் கட்டி: அறுவைச் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்பகக் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே காணப்படும் ஃபில்லோட்ஸ் கட்டியை வெட்டிப் பார்த்தால் உள்ளே இலை அடுக்கியதுபோல் தெரியும். 1838இல் ஜெர்மன் மருத்துவ அறிஞர் யோஹன்னஸ் முல்லர் இலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் இதற்குப் பெயரிட்டது அதனால்தான். இதன் சிகிச்சையில் நேரும் தவறுகள் பெரும்பாலும் இதை வேறொரு கட்டியாக நினைத்துவிடுவதிலிருந்தே தொடங்குகின்றன.

இளம்பெண்களுக்கு வரும் புற்றல்லாத கட்டியான ஃபைப்ரோஅடினோமாவைப் போலவே இதுவும் கைக்கு வழுக்கி நகரும், ஸ்கேனிலும் அப்படியே தோன்றும். ஆனால் நாற்பது வயதை ஒட்டிய பெண்ணுக்குச் சில மாதங்களிலேயே கட்டி வேகமாகப் பெருத்தால், மெல்லிய ஊசிச் சோதனையோடு நிறுத்தாமல் திசுத்துண்டு எடுக்கும் பயாப்சி செய்ய வேண்டும். அதிலும் ஐயம் நீங்காவிட்டால் கட்டியை முழுமையாக அகற்றித்தான் ஆராய வேண்டும்.

ஃபைப்ரோஅடினோமாவைத் தோண்டி எடுப்பதுபோல இதை எடுத்துவிடுவதையே மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். உறை போலத் தெரியும் எல்லையைத் தாண்டியும் இக்கட்டியின் நுண்ணிய நீட்சிகள் பரவியிருப்பதால், சுற்றியுள்ள நல்ல திசுவையும் சேர்த்தே வெட்ட வேண்டும். சாதாரணம், இடைநிலை, புற்றுத்தன்மை என இக்கட்டி மூவகைப்படும்; பின்னிரு வகைகளுக்கு 1 செ.மீ. விளிம்பு, அதாவது கட்டியைச் சுற்றி அந்த அகலத்துக்கு நல்ல திசு, இலக்காகக் கொள்ளப்படுகிறது. சாதாரண வகையில், விளிம்பில் கட்டி இல்லையெனில் அது குறுகலாக இருப்பதற்காக மட்டும் மறுபடி வெட்டுவது பெரும்பாலும் தேவைப்படாது.

இதற்கு நேர்மாறாக, வழக்கமான மார்பகப் புற்றுநோயைப் போலக் கருதி அக்குள் நெறிக்கட்டிகளை எடுப்பதும் தவறே. புற்றுத்தன்மை வகை பரவினால் இரத்தத்தின் வழியே, பெரும்பாலும் நுரையீரலுக்கே செல்கிறது. தேவையில்லாமல் அக்குளில் கைவைத்தால் வாழ்நாள் முழுதும் கைவீக்கம் மிஞ்சக்கூடும்.

மார்பக மறுசீரமைப்பைப் பற்றி அறுவைக்குப் பின் யோசிப்பதைவிட, பிளாஸ்டிக் அறுவை மருத்துவரை முன்கூட்டியே பார்ப்பது நல்லது. விளிம்பு முடிவு தெரியாமலே எஞ்சிய திசுவை இடம் மாற்றி அமைத்துவிட்டால், மீண்டும் வெட்ட நேரும்போது பழைய இடத்தைக் கண்டுபிடிப்பது கடினம். கட்டி இருந்த குழியில் சிறிய உலோகக் கிளிப்புகளை வைப்பது இதற்கு உதவும். முழு மார்பகத்தையும் எடுத்தபின் கதிர்வீச்சு தேவைப்படலாம் என்றால், சிலிகான் உள்வைப்பைச் சுற்றித் தழும்பு இறுகும் வாய்ப்பு கூடுவதால், முதுகுத் தசையையோ வயிற்றுத் திசுவையோ கொண்டு அமைப்பதையும் பேசிப் பார்க்க வேண்டும்.

சாதாரண வகை என்ற அறிக்கை வந்ததும் பரிசோதனைக்குச் செல்வதைக் கைவிடக் கூடாது. மீண்டும் வருபவை பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே வருகின்றன. தழும்பருகே தட்டுப்படும் புதிய கட்டியைத் தையலின் தடிப்பு என்று விட்டுவிடாமல் உடனே காட்டுங்கள்.